தங்கக் காகிதம்

திபிலீசியில் வெளியே பனி.
ஸ்டூடியோவுக்குள் தங்கக் காகிதம்,
இரண்டு தடவை.

முதலில் ரேவாஸ் ஜெயித்தார்.
கோப்பையைத் தூக்கினார், நாதேலா கைதட்டினார்.
கட்.
நான் பெருக்கி அள்ளி
ஏணியில் நிற்பவனிடம் மூட்டையை நீட்டினேன்.
அதே காகிதம் பிறகு
நாதேலாவின் தலையில் விழுந்தது.
ஒன்றிரண்டில் நெய் ஒட்டியிருந்தது.

எது நிஜ முடிவென்று
மார்ச்சில் டிவியில் வரும்போதுதான்
அவர்களுக்கே தெரியும்.
யாரிடமும் சொல்லமாட்டேனென்று
என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.
எனக்கு என்ன தெரியும், சொல்ல?

இருவரும் செய்தது கின்காலி.
இறைச்சியையும் சாற்றையும் மாவுக்குள் பூட்டி
பத்தொன்பது மடிப்பு மடித்து
உச்சியில் குடுமி முடிவது.
விளக்கை நகர்த்தி, மைக்கை மாற்றி,
நடுவரின் மூக்குக்குப் பவுடர் போட்டு முடிப்பதற்குள்
சில்லிட்டுவிட்டது.
கேமரா ஓடியதும் அதை
ஊதி ஊதித் தின்றார்கள்.

தோற்றும் ஜெயித்தும் முடித்த ரேவாஸ்
செட்டுக்குப் பின்னால் வந்தார்.
நாதேலாவின் தட்டில் மிஞ்சிய ஒன்றை
குடுமியைப் பிடித்துத் தூக்கினார்.
நின்றபடியே கடித்தார்.
கொஞ்ச நேரம் மென்றார்.

"மிளகு எங்கே வாங்குகிறீர்கள்?"

ரயிலடிச் சந்தையில் ஒரு கடையைச் சொன்னார் நாதேலா.
ரேவாஸ் தலையாட்டிவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டு
கதவுவரை போய்விட்டார்.

"அங்கே இல்லை" என்றார் நாதேலா,
கத்தியைத் துடைத்து உறையில் போட்டபடி.
"மீன்காரி இருக்கிறாளே, அவளுக்குப் பின்னால்.
பலகை கிடையாது. காலையில் மட்டும்."

அவர் குனிந்தபோது
தலையிலிருந்து ஒரு காகிதம் விழுந்தது.
அதையும் பெருக்கினேன்.