இரண்டாவது கதவு

பிப்ரவரியில் உள்ளே யாரும் சத்தமாகச் சிரிப்பதில்லை.
இது அவர்களுடைய தேர்தல் மாதம் என்பாள் உர்வே,
நமக்கு ஓட்டு இல்லை.

வோருவுக்குத் தெற்கே இரண்டு ஹெக்டேர் பைன் காடு.
சுற்றிலும் மூன்று மீட்டர் கம்பி,
கம்பிக்கடியில் புதைத்த இன்னொரு கம்பி.
முதல் கதவைத் திற. நுழை. பூட்டு.
அப்புறம்தான் இரண்டாவது.
நடுவே ஓர் ஆள் நிற்க மட்டும் இடம்.
பதினோரு வருடமாக அங்கே நின்றுதான்
ஒவ்வொன்றாகக் கழற்றுகிறேன்:
மூக்குக்கண்ணாடி, தொப்பி, வாட்ச்,
வீட்டில் போட்ட சண்டை.
கடைசியாகச் சொன்னதைத்தான்
அவை முதலில் மோப்பம் பிடிக்கும்.

சம்மலுக்குக் கண் திறக்காத வயதில்
நாலு மணிக்கொரு தரம் பால் பாட்டில்.
வைக்கோலில் அவளோடு படுத்து
ஸ்வெட்டரின் எல்லாப் பொத்தானையும் இழந்தேன்.
(சம்மல் என்றால் எங்கள் பேச்சில் பாசி.)
அந்த வாடையோடு படுக்கையறைக்கு வராதே என்றாள் மனைவி.
போகவில்லை,
முதலில் அந்த வாரம், பிறகு பொதுவாகவே.

நாய் மாதிரி அவள் ஒருநாளும் என்னை நேசித்ததில்லை.
வருவாள், வாயோடு வாய் உரசி
நேற்று என்ன தின்றேன் என்று விசாரிப்பாள், போய்விடுவாள்.
ருக்கிஸ் அவள் ஜோடி.
ஹல்லாவும் உடுவும் அவள் பெற்றவை.
தலைவன் எது என்று கேட்பார்கள் பார்க்க வருகிறவர்கள்.
அம்மா போகிற பக்கம் மற்றவை போகும் என்பேன்.
ஏமாந்த முகத்தோடு படம் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு காலையில் ஹல்லா வாலைத் தாழ்த்தவில்லை.
அவ்வளவுதான் தொடக்கம்.
மதியத்துக்குள் சம்மலின் காது கிழிந்திருந்தது,
பனியில் ஒரு கைக்குட்டை அளவு சிவப்பு.
ருக்கிஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு பார்க்காமல் இருந்தான்.

காட்டில் என்றால் தோற்றவள் நடந்துவிடுவாள்.
இரவோடிரவாக லாட்வியா எல்லை தாண்டி
எவனுடைய ஆட்டையோ தின்று
சுடப்பட்டோ படாமலோ தன் போக்கில் இருப்பாள்.
இங்கே அவளுக்குப் பூமி கம்பியோடு முடிகிறது.
வடமேற்கு மூலைக்குக் கான்கிரீட் ஊற்றியது நான்.

மூன்று நாள் வேலியை ஒட்டியே நடந்தாள்,
பனியில் வாய்க்கால் விழும்வரை.
நாலாம் நாள் பக்கத் தடுப்பைத் திறந்தோம்.
தானாகவே போனாள்.
திரும்பி நின்று
பூட்டும் சத்தம் கேட்ட பிறகு படுத்தாள்.

மார்ச்சில் பனிக்கட்டி வழுக்கி என் முழங்கால் போயிற்று.
உள்ளே இரும்பு வைத்துத் தைத்தார்கள், ஆறு வாரம்.
நன்றாகத்தான் நடந்தேன்,
உர்வேக்கும் அப்படித்தான் தெரிந்தது.
ருக்கிஸ் வந்து இடது முழங்காலில் மூக்கை வைத்தான்.
எடுக்கவில்லை.
அது அன்பு இல்லை,
அடுத்தவர் தபாலைப் பிரித்துப் படிப்பது.
பின்னால் ஹல்லா, சற்றே பக்கவாட்டில்,
எடை முழுவதும் பின்னங்கால்களில்.

ஐவோ, முதுகைக் காட்டாமல் வா,
வானிலை அறிவிக்கும் குரலில் சொன்னாள் உர்வே.
இரண்டாவது கதவு. பூட்டு. முதல் கதவு.
சாவிக்காகக் கையை நீட்டினாள்.
நான் மறுத்துப் பேசவில்லை.
பேசினேன், பத்து நிமிடம். பிறகு கொடுத்தேன்.

இப்போது இறைச்சி எடை போடுகிறேன்,
ரசீதில் கையெழுத்து.
லாரி மோதிய எல்க் மானென்றால்
எலும்பில் கண்ணாடித் துண்டு தேடுகிறேன்.
மாலையில் சம்மலின் வேலியோரம் ஒரு வாளியைக் கவிழ்த்து உட்காருவேன்.
அவள் வருவதில்லை.
நான் வேறெங்கோ பார்க்கும்போது தின்கிறாள்.
உதிர்ந்த குளிர்கால ரோமம் கம்பியில் தொங்குகிறது,
சிட்டுகள் கூட்டுக்குப் பிய்த்துப் போகின்றன.

முதல் புதன் நண்பகல் ஊர்த் தீயணைப்புச் சங்கு.
ஹல்லா தொடங்குவாள்,
ஆளுக்கொரு சுருதி பிடிப்பார்கள்,
மூன்று பேர் முப்பது பேராகக் கேட்கும்.
தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து
சம்மலும் சேர்ந்துகொள்வாள், அரை மூச்சு தாமதமாக.
யாரும் அவளை நிறுத்தச் சொல்வதில்லை.

சாவி இருந்த பையில் இப்போது
இருமல் மாத்திரை டப்பா.
எழுந்திருக்கும்போது அது குலுங்கும்.
ஐந்தாறு பைன் மரங்களுக்கு அப்பால்
ஹல்லாவின் ஒரு காது மட்டும் திரும்புகிறது.