கற்பனை அதிர்வெண்

முதல் கடிதத்தில் அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை.
"உங்கள் எண் எனக்கு வரவில்லை.
யமிலா பெந்தங்கோர், மொந்தேவிதேயோ."
அங்கே அப்போது கொளுத்தும் கோடை.
இங்கே தார்த்துவில்
எமாயொகி உறைந்து கிடந்தது,
ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆற்றின் மேல் போனார்.

உள்ளதைச் சொல்கிறேன்,
அவள்தான் எங்கோ பிசகியிருக்கிறாள் என்று நினைத்தேன்.
நடுவில் ஓர் இரும்பு, சுற்றிலும் ஆறு நைட்ரஜன்.
மூன்று வருடம் நான் குடியிருந்த மூலக்கூறு.
அதன் ஆற்றல் எனக்குத் தெரியாதா?
"கட்டுரையில் எல்லாம் இருக்கிறது" என்று
ஒற்றை வரியில் பதில் போட்டேன்.

எல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதியிருந்தாள்.

வித்தியாசம் இரண்டே முக்கால் கிலோகலோரி.
சின்னதுதான்.
என் கட்டுரையின் முடிவு மொத்தமும்
அந்த இரண்டே முக்காலின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

பிறகு தூக்கம் போயிற்று.
நிலவறையில் தூசி படிந்திருந்த பழைய சர்வரைக்
கைதோ எனக்காக எழுப்பித் தந்தான்;
ஆறு வருடத்துக்கு முந்தைய மென்பொருளை,
அதே பதிப்பை, அதே கம்பைலரில்
திட்டிக்கொண்டே கட்டிக் கொடுத்தான்.
ஐந்தாம் தசமம் லேசாக அசைந்தது. அவ்வளவுதான்.
அங்கே யமிலா
ஒரு நாளைக்கு ஒரு திருகாணி என்று திருகிக்கொண்டிருந்தாள்.
வலையின் அடர்த்தி. இல்லை.
சுழற்சி நிலை. இல்லை.
கரைப்பான்.
"இல்லை" என்ற சொல்லை அவளைப் போலப்
பொறுமையாக எழுதியவரை நான் பார்த்ததில்லை.
கடிதங்களில் மெல்ல வணக்கம் வந்தது,
அப்புறம் அவள் வீட்டு நாயும் வந்தது.

மார்ச்சில்,
பக்கத்துத் துறையில் காற்றாலை ஆய்வாளர்களிடம் கடன் வாங்கிய நேரத்தில்
தன் மூலக்கூறின் அதிர்வுகளைக் கணக்கிட்டாள்.
ஐந்து நாள் ஓடியது.
முதல் வரியிலேயே கழித்தல் குறி: நாற்பத்தொன்று.
கற்பனை அதிர்வெண்.
கணக்கில் அதற்குப் பெயரே அதுதான்.

அவளுடைய மூலக்கூறு பள்ளத்தில் இறங்கவே இல்லை.
இரண்டு பள்ளங்களுக்கு நடுவே, கணவாயில்,
அப்பழுக்கில்லாத சமச்சீரோடு,
எந்தப் பக்கம் சரிவது என்று சொல்ல ஆளில்லாமல்
நின்றுகொண்டிருந்தது.

அப்படியானால் என்னுடையதை யார் தள்ளியது?

இருவருக்கும் மூலம் ஒன்றே:
நூலகத்தில் மட்டும் கிடைக்கிற பழைய படிக அட்டவணை,
நாற்பத்து மூன்று வரி.
இருவருமே கையால் தட்டியது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையில் எதிரெதிரே அமர்ந்து
அவள் வாசிக்க, நான் பென்சிலால் குறித்தேன்.
இருபத்தொன்பதாவது வரி.
"ஒன்று புள்ளி மூன்று, எட்டு, நான்கு."
என்னிடம் மூன்று, நான்கு, எட்டு.
"இன்னொரு தடவை சொல்."
சொன்னாள்.
அவள் கையில் மாதே குவளை; குழல் காலியாக உறிஞ்சும் சத்தம்
பூமியின் மறுபாதியிலிருந்து தெளிவாகக் கேட்டது.
"ஹில்லே," என்றாள், "உன் விரல்."

ஒரு ஹைட்ரஜனை, இம்மியளவு,
இரவு இரண்டு மணிக்கு நான் தடுக்கிவிட்டிருக்கிறேன்.
சமச்சீர் உடைந்தது. மூலக்கூறு உருண்டு இறங்கி
சரியான பள்ளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.
பிசகாமல் தட்டியவளுக்குத் தவறான விடை.
தூங்கி வழிந்தவளுக்குப் பாராட்டு, நிதி,
ஜன்னல் வைத்த அறை.

திருத்தக் குறிப்பை எழுத உட்கார்ந்தோம்.
வழிமுறை என்ற தலைப்பின் கீழ்
கொட்டாவியை எப்படிக் குறிப்பிடுவது?
யமிலாதான் வாக்கியத்தைக் கண்டுபிடித்தாள்.
இரண்டு ஃபைல்களையும் சேர்த்தே இணைத்தோம்.
என்னுடையதில், இருபத்தொன்பதாவது வரிக்கு எதிரே,
'இது பிழை. தயவுசெய்து சரிசெய்ய வேண்டாம்.'

பனி உடைந்து ஆறு ஓடத் தொடங்கிய வாரம்
ப்ர்னோவிலிருந்து யாரோ எழுதியிருந்தார்:
"உங்கள் எண் எனக்கும் வந்தது, நன்றி.
கடைசி இலக்கம் மட்டும்..."

யமிலாவுக்கு அனுப்பிவிட்டு
கெட்டிலைப் போட்டேன்.