முப்பத்தெட்டு

ஹித் ஆலையில் பகல் ஒன்று நாற்பதுக்குக்
கடல் கொதித்துவிட்டது.
திரையில் நூறு டிகிரி. பம்புகள் தாமாகவே நின்றன.
ரோடெல் கையுறையைக் கழற்றி
நீரில் விரல் விட்டுப் பார்த்துவிட்டு வந்தான்:
சூடுதான் மேடம். ஆனால் குளிக்கலாம்.

உணரி பழையது.
சின்ன பிட்டை முதலில் அனுப்பும்.
பழைய சிப்பும் அப்படியே வாங்கிப் பழகியிருந்தது.
நேற்று நான் மாட்டிய புதுச் சிப்புக்கு
முதலில் வருபவர்தான் பெரியவர்,
கல்யாண வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு
நிற்பவனுக்குப் போல.

சோதிக்காமல் கொண்டுவரவில்லை.
மனாமா ஆய்வகத்தில் ஏசி இருபத்து நான்கு.
00011000
எந்தப் பக்கம் படித்தாலும் இருபத்து நான்கு.
மாட்டும்போது கடல் முப்பத்தாறு.
00100100
அதுவும் மாலைமாற்று.
கைகுலுக்கிக்கொண்டு கிளம்பினேன்.

இன்று முப்பத்தேழு ஆனபோது
நூற்று அறுபத்து நான்கு என்றிருக்கிறது.
நம்ப முடியாததைத் தள்ளிவிட ஒரு வடிகட்டி வைத்திருந்தேன்,
தள்ளிவிட்டது.
முப்பத்தெட்டை நூறு என்றது.
நூறு, நம்பும்படி இருந்தது.

அம்மார் கட்டுப்பாட்டறையின் எண்ணைச் சொன்னான்:
கம்ஸ வ அர்பயீன்.
ஐந்தும் நாற்பதும்.
ஐந்தை எழுதும்போதே அதன் இடப்பக்கம்
ஓர் இலக்கத்துக்கு இடம் விட
இப்போது என் கைக்குத் தெரியும்.
வந்த புதிதில் ஐம்பத்து நான்கை அழுத்தி
சலவைக்கூடத்தில் யாரிடமோ
வால்வை மூடச் சொல்லியிருக்கிறேன்.
அவனும் பொய் சொல்லவில்லை, நானும் தப்பாகக் கேட்கவில்லை.

எட்டு பிட்டை எந்த முனையிலிருந்து அடுக்குவது?
சி மொழியின் தரநூல் வாய் திறக்காது.
கம்பைலர் எழுதியவர் இஷ்டம்.
யார் இஷ்டமும் வேண்டாமென்று
பிட் ஃபீல்டுகளை அழித்தேன்.
ஷிஃப்ட், மாஸ்க்.
புரட்டிப்போட ஓர் அட்டவணை, இருநூற்று ஐம்பத்தாறு வரிசை.
அதில் பதினாறு எண்களுக்கு மட்டும்
புரட்டினாலும் அதே முகம்.
அந்தப் பதினாறில் இரண்டைத்தான்
நான் சோதனை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மடிக்கணினியின் அடிப்பாகம் தொடையைச் சுட்டது.
மூன்றேகாலுக்குத் திரை முப்பத்தெட்டு என்றது.
ரோடெல் மறுபடியும் விரல் விட்டுப் பார்த்தான்,
என்னை நம்பாமல்.
சரிதான், நானும் நம்பியிருக்க மாட்டேன்.

ஆய்வகத்தை அழைத்தேன்.
அனீஷ், ஏசியை இருபத்தைந்துக்கு மாற்று.
இனி எப்போதும் இருபத்தைந்து.

ஏன் மேடம், என்றான்,
அங்கே குளிருதா?