சுவர் அளக்க வந்தவள்

ஏற்காடு எக்ஸ்பிரஸ் அன்று நாற்பது நிமிடம் தாமதம்.
ஜங்ஷனில் கொசுவுக்கும் எனக்கும்தான் விழிப்பு.
அட்டையில் பெயரெழுதிப் பிடித்திருந்தேன்,
அந்த வண்டியில் வேறு வெள்ளைக்காரி
இருக்கப்போவதில்லை என்று தெரிந்தும்.

மார்கிட். நார்வே. அறுபத்திரண்டு வயது.
வரப்போகும் இருபத்திரண்டு பேருக்காக
பதினோரு நாள் முன்னதாக
ஒற்றையாய் அனுப்பப்பட்டவள்.
கானானை வேவு பார்க்கவே
பன்னிரண்டு பேர் போனார்களே, என்றேன்.
சிரித்தாள். திராட்சைக் குலை உண்டா, என்றாள்.
ஆரஞ்சு உண்டு. அதுவும் இப்போது சீசன் இல்லை.

கொண்டை ஊசி வளைவுகளை
விரல் மடக்கி எண்ணிக்கொண்டே வந்தவள்
ஏழாவதில் ஜீப்பை நிறுத்தி வாந்தியெடுத்தாள்.
வாயைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதினாள்:
மாத்திரை, இருபத்திரண்டு பேருக்கு.

அன்றெல்லாம் அளந்தாள்.
விடுதிக் கட்டிலின் நீளம்,
கழிவறைத் தாழ்ப்பாளின் உறுதி,
தண்ணீர் கொதிக்க எத்தனை அண்டா.
குரங்குகளுக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம்.

'நேரே சுவரைக் காட்டும்மா,
பின்பக்கம் போக வேண்டாம்'
என்றிருந்தார் ஞானாபரணம் ஐயர்.
காட்டினேன்.
டேப்பின் மறுமுனையை நான்தான் பிடித்தேன்.
முப்பத்தெட்டு அடி.

எத்தனை லிட்டர் ஆகும் என்று யோசித்தபடி
கட்டைவிரல் நகத்தால் லேசாகச் சுரண்டினாள்.
நீலம் உதிர்ந்தது.
அடியில் மஞ்சள்.
அதற்கும் அடியில் பச்சை,
அதில் யாரோ வரைந்த வானவில்லின் ஒரு கால்.

யார், என்றாள்.
நீலம் போன வருடம், கொரியாக்காரர்கள்.
மஞ்சள் டெக்சாஸ்.
பச்சை தெரியாது. நான் அப்போது
திருப்பத்தூரில் டீச்சர் டிரெயினிங்.

டேப் என் கையிலிருந்து நழுவி
சரக்கென்று அவள் பெட்டிக்குள் போனது.

சமையல்கார சின்னப்பொண்ணு
யாரும் கேட்காமலே வந்து நின்றாள்.
'மோட்டாரு காயில் தை மாசமே போச்சுங்க.
புள்ளைங்கதான் கெணத்துல இருந்து தூக்குது.'
இதை மொழிபெயர்க்க எனக்கு
ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது?

ஒரு காயில் மாற்ற
இருபத்திரண்டு பேர் வேண்டியதில்லை.
அது அவளுக்கும் தெரிந்தது.

இரவு கரண்ட் இல்லை.
சில்வர் ஓக் மரங்களுக்குள் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது.
போன் வெளிச்சத்தில் அவள்
நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்தாள்,
அழித்துக்கொண்டும் இருந்தாள்.

காலையில் உப்புமாவுக்கு முன் கேட்டாள்:
'அவர்கள் வராவிட்டால் யாருக்காவது கஷ்டமா?'

பத்து நாள் சாப்பாட்டுக்கு
முன்பணம் வாங்கியவன் என் அண்ணன்.
அரிசி மூட்டை லீ பஜாரிலிருந்து ஏறியாயிற்று.
'பெயிண்ட் அடித்தால்
மழைக்குச் சுவர் தாங்கும்' என்றேன்.
அப்படியே சொன்னேன்.

அவள் கண்மூடி, தன் பாஷையில் ஜெபித்தாள்.
நான் மூடவில்லை.
அவள் நகக்கண்ணில் இன்னும் நீலம்.
ஜெபம் நீண்டது. நடுவில் ஒரு முறை
என் பெயர் வந்தது, எப்சிபா என்று.
என்ன கேட்கிறாள் என்று தெரியாமலே
ஆமென் சொன்னேன்.