வளைந்த ஊசி

மூவாயிரத்து இருநூறு பீஸ், கறுப்பு,
நூற்று எண்பது ஜி.எஸ்.எம்.,
நெஞ்சில் ஒரு வாய், திறந்தபடி.
ஆர்டர் தாளில் அவ்வளவுதான்.

சால்வடோரில் காலை ஒன்பதென்றால்
திருப்பூரில் பொழுது சாய்கிற ஐந்தரை.
அந்நேரம் பார்த்து ரொபேர்த்தா கூப்பிடுவாள்.
வாயின் சிவப்பு போதவில்லை என்பாள்.
மூன்று முறை கலவையை மாற்றி
நான்காம் முறையும் போதாமல் போக
பாட்டையே அனுப்பிவைத்தாள்:
இதைக் கேள், பிறகு சிவப்பைக் கலக்கு.

சம்பா என்றேன்.
கணக்கு பார்க்கும் பொங்கியண்ணன் நிமிர்ந்து
கிச்சிலிச் சம்பாவா, சீரகச் சம்பாவா என்றார்.
பிரியாணிக்கு ஆகாதுங்க, இது பாடுகிற சம்பா.

முதலில் ஒரு தட்டு, ஒரு கத்தி.
சோறுண்ணும் தட்டின் விளிம்பில்
கத்தியை உரசித் தாளம் எடுக்கிறார்கள்.
பிறகு கைகள்.
கும்மியில் என் கை போய்ச் சேருமிடத்தில்
அவர்கள் கை சேர்வதில்லை.
அரை மூச்சு முந்தி விழுகிறது
படிக்கட்டில் ஒரு படி குறைந்தாற்போல்,
விழவும் இல்லை, ஆனால் வயிறு விழுகிறது.
அதற்கும் அடியில்,
ஜமாப்புக்காரர்கள் லாரியில் கட்டிவரும்
ஸ்பீக்கரிலிருந்து போல ஒரு முழக்கம்,
கம்ப்யூட்டரில் வார்த்தது.
அதன்மேல் ஏறி நிற்கிறாள் ஜந்தீரா.
கரகரத்த குரல்,
காலையில் முதன்முதலாகப் பேசுகிறவளின் குரல்.

அவள் சித்திமார் மூவர்,
தட்டும் கத்தியுமாய் வளர்ந்தவர்கள்.
மெஷின் முழங்கினால் கைதட்ட மாட்டோமென்று
இருவர் எழுந்து போய்விட்டார்களாம்.
மூன்றாமவள் மட்டும்
அதை அணைக்காதே, இதில்
இடுப்பு நோகாமல் ஆட வருகிறது என்றாளாம்.
ரொபேர்த்தா சொல்லிச் சிரித்தாள்.
நானும் சிரித்தேன், அன்றைக்கு
சிவப்பு சரியாக வந்துவிட்டது.

துணி ஓடுகிறதா என்று கேட்டாள், மார்கழியில்.
ராயபுரத்து நிட்டிங் யூனிட்டுக்குப் போய்
ஏழாம் நம்பர் மிஷினை
நாற்பது நொடி போனில் பிடித்து அனுப்பினேன்.
உருளை சுற்றியது. நூல் இறங்கியது.
சுற்றுக்கு ஒருதரம்
டக்
என்றது ஏதோ.
தூத்துக்குடியில் கப்பல் காத்திருந்தது.
நான் அதைக் கேட்கவில்லை,
கேட்டிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

மாசியில் அவளது அடுத்த பாட்டு வந்தது.
பி.என். ரோட்டில் சிக்னலுக்கு நிற்கிறேன்,
ஹெல்மெட்டுக்குள் இயர்போன்.
தட்டு, கத்தி, கை.
இரண்டாம் சரணத்தில்
டக்.
வேகம் கூட்டியிருந்தார்கள்,
எதிரொலி சேர்த்திருந்தார்கள்,
ஆனாலும் பெற்றவள் பள்ளிக்கூட வாசலில்
சீருடைக் கூட்டத்தில் தன் பிள்ளையைப் பார்ப்பதுபோல்
தெரிந்துவிட்டது.
பச்சை விழுந்தது. பின்னால் டவுன் பஸ் ஹாரன்.
அதுவும் அரை மூச்சு முந்தித்தான்.

யாரிடம் சொல்வது?
பொங்கியண்ணனிடம் சொன்னால்
பில்லில் இதைச் சேர்த்தோமா என்பார்.
நேரே ஃபிட்டர் சென்னியப்பனிடம் போனேன்.
ஒன்றும் சொல்லாமல் ஒரு காதில் மாட்டிவிட்டேன்.
கிரீஸ் கையைத் தூக்கிப் பிடித்தபடி
கண்மூடி இரண்டு சுற்று கேட்டான்.
தலையை ஆட்டினான்,
பாட்டு பிடித்துத்தானென்று நினைத்தேன்.

"ஊசி வளைஞ்சு கெடக்குதுங் அம்மிணி.
யாரு கம்பெனி இது? ஃபிட்டரு இல்லீங்ளா?
சித்த நிறுத்தச் சொல்லுங்,
துணி பூராக் கோடு உழுந்துரும்."

அலமாரியில் மிச்சமிருந்த சாம்பிளை எடுத்து
ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தேன்.
கறுப்புக்குள் கறுப்பாக,
தோளிலிருந்து அடிமடிப்பு வரை
திறந்த வாயின் ஓரத்தை உரசிக்கொண்டு
நேராக இறங்கியது ஒரு கோடு.
கழுத்துப் பட்டியில் பாஸ் ஸ்டிக்கர்.
என் கையெழுத்து.