முதல் விருப்பம்

முக்கூடல் பிரௌசிங் சென்டர் பையன்
"வரிசையாச் சொல்லுக்கா" என்றான்.
அப்பாவுக்குக் கோயம்புத்தூர்.
மாமாவுக்கு, கல்யாணப் பத்திரிகையில்
பெயருக்குப் பின்னால் எடுப்பாய் நிற்கிற பட்டம்.

நான் மாசியிலேயே
பள்ளிச் சீருடையோடு, யாருக்கும் சொல்லாமல்
மூன்று கல்லூரி பார்த்துவிட்டிருந்தேன்.
ஒன்றில் நீரூற்று ஓடியது,
ஆய்வகம் பூட்டிக் கிடந்தது.
ஒன்றில் கட்டணத்தை மட்டும்
மனப்பாடமாய் ஒப்பித்தார்கள்.
பாளையங்கோட்டையில்
காரை பெயர்ந்த விலங்கியல் துறையில்
சாப்பாட்டு வேளையில்
ஒரே நுண்ணோக்கிக்கு மூன்று பேர் சண்டை.
"ஏட்டி, தள்ளு, என் முறை."

அதையே முதலில் போடச் சொன்னேன்.

போட்டு என்ன?
முதல் பருவம் முழுக்க
நாலரைக்கு மணி, நாலே முக்காலுக்கு நேர் பஸ்,
ஜன்னலோரத் தூக்கம்.
ஓர் அரியர்.
நூலகம் ஆறு மணி வரை என்பது
பலகையில் எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

ஐப்பசி மழையில் ஒருநாள் பஸ்ஸை விட்டேன்.
போக்கிடமின்றி ஆய்வகத்துக்குத் திரும்பினால்
சீனியர் எஸ்தர் பொன்மலர்
தாமிரபரணியில் ஒரு சொட்டைக்
கண்ணாடிச் சில்லில் வைத்திருந்தாள்.
"பாக்கியா?" நகர்ந்து இடம் விட்டாள்.

பிறந்ததிலிருந்து குளித்த ஆறு.
இத்தனை பேர் அதில்
காலில்லாமல் அலைந்திருக்கிறார்கள்,
எனக்குத் தெரியாமல்.

இப்போது ஆறேகால் பஸ்.
வீட்டில் சோற்றோடு ஏச்சும் உண்டு.
வேலை கிடைக்குமா என்கிறார் அப்பா.
தெரியலப்பா என்கிறேன், நிஜமாகவே.
அரியர் முடிந்தது.

நேற்று துறை வாசலில்
பள்ளிச் சீருடையோடு ஒருத்தி.
கவனிக்காத மாதிரி இருந்தோம்.
சண்டையை மட்டும்
கொஞ்சம் சத்தமாகவே போட்டோம்.