ஓரம்

நாற்பதில் சொன்னேன்: ஐம்பதில் நிறுத்திவிடுவேன்.
ஐம்பதில் சொன்னேன்: இந்த டயர் தேயட்டும்.
டயர் தேயவில்லை,
அதுதான் சிக்கல்.

சேலம் ரோட்டு மேம்பாலத்தடியில்
சிக்கந்தர் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி
பின்சக்கரத்தை மெல்லச் சுற்றினான்.
நடுவில் வழுவழுப்பு.
கிருஷ்ணகிரி பைபாஸின் நேர்கோடு முழுக்க அங்கே இருந்தது.
இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு
வார்ப்பில் முளைத்த ரப்பர் முடிகூட உதிராமல்
கடையில் வாங்கிய அன்றுபோல.
கட்டைவிரலால் ஒருமுறை தடவினான்.
ஒன்றும் சொல்லவில்லை.

போன டயரில் அந்த ஓரம் நூல் அளவு.
அதற்கு முந்தியதில் நூலும் இல்லை,
அஞ்செட்டி மலைப்பாதை மொத்தத்தையும்
தின்றுவிட்டு வந்திருந்தது.
இப்போதும் வளைவுகள் அங்கேயேதான் இருக்கின்றன.
யாருக்கும் சொல்லாமல், எனக்கும் சொல்லாமல்,
நான்தான் வருஷம் வருஷமாக
நிமிர்ந்துகொண்டே வந்திருக்கிறேன்.

ரவுண்டானா பக்கம் எனக்குக் கண்ணாடிக் கடை.
தினமும் நாலு பேரிடமாவது சொல்வேன்:
"புரோகிரசிவ் லென்ஸுங்க. மேல தூரம், கீழ கிட்டம்.
ஓரத்துல மட்டும் கொஞ்சம் கலங்கும்.
தலையைத் திருப்பிப் பாருங்க, பழகிடும்."
எனக்கும் பழகிவிட்டது,
பில் எழுத, சில்லறை எண்ண,
திருகாணி தேட.
ஆனால் வளைவில் படுக்கும்போது
பார்வை வண்டிக்கு முன்னால் ஓட வேண்டும்,
கடைக்கண் வழியாக.
அந்த இடத்தில்தான் கலங்கல்.

மார்கழியில் ஒரு நாள் அந்தக் கலங்கலுக்குள்
கருப்பாக ஏதோ கிடந்தது.
யானைச் சாணமா, கல்லா, படுத்திருந்த நாயா,
தெரிவதற்குள் தாண்டிவிட்டேன்.
தாண்டிய பிறகு இரண்டு கிலோமீட்டர்
விரல்கள் பிரேக்கை விட்டு வரவில்லை.

முனிரத்தினத்துக்கு எளிதாக முடிந்தது.
முழங்கால் மாற்றினார், அந்த வாரமே வண்டியை விற்றார்.
"மூட்டு சொல்லிச்சு, கேட்டுக்கிட்டேன்" என்றார்.
எனக்கு மூட்டு நன்றாக இருக்கிறது.
சுகர் இல்லை.
பூங்கோதை ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை.
இன்சூரன்ஸ் காகிதங்களைப்
பரணிலிருந்து எடுத்து
தன் கைக்கெட்டும் டிராயரில் வைத்துக்கொண்டாள்,
அவ்வளவுதான்.

சிக்கந்தர் ஈரத்துணியால்
டயரின் பக்கவாட்டைத் துடைத்தான்.
சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள்.
"முப்பத்தொண்ணாவது வாரம், பதினெட்டாம் வருஷம்.
தேயலன்னாலும் வயசாயிடுச்சுண்ணே.
ரப்பர் கெட்டியாயிட்டா வளைவுல பிடிக்காது."
டயரைத்தான் சொன்னான்.
விலையும் சொன்னான்:
பதினாலாயிரத்துச் சொச்சம். முன்சக்கரம் தனி.

பணம் இருந்தது.
புது டயரின் வாசனை எனக்கு இன்றும் பிடிக்கும்.
சுவரில் தொங்கியதை ஒருமுறை தொட்டுக்கூடப் பார்த்தேன்.

"காத்து மட்டும் அடிப்பா."

அவன் நிமிர்ந்து பார்த்தான்,
பிறகு காற்றுக் குழாயை இழுத்தான்.
சர்வீஸ் ரோட்டில் நாற்பதில் வந்தேன்.
மாங்காய்க் கூடை கட்டிய மொபெட் ஒன்று
ஹாரன் அடித்து என்னை முந்தியது.

கடைசிச் சவாரி என்று ஒன்றை
மனசில் எடுத்து வைத்திருந்தேன்.
விடியற்காலை ஐந்தரை, ராயக்கோட்டை தாண்டியதும் பனி,
தேன்கனிக்கோட்டையில் வெளிச்சம்,
அஞ்செட்டி இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும்
பெயர் சொல்லி விடைபெறுவது என்றெல்லாம்.

யோசித்துப் பார்த்தால்
அது மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்துபோயிருக்கிறது.
ஒருவருக்கு லென்ஸ் மாட்டித் தர வேண்டியிருந்ததால்
நாட்றாம்பாளையம் போகாமல் பாதியில் திரும்பினேன்.
வழியில் குடித்த டீயில் சர்க்கரை தூக்கல்.
கையுறையைக் கழற்றும் முன்பே
"இட்லி மாவு வாங்கிட்டீங்களா?" என்றாள் பூங்கோதை.
மறந்துவிட்டிருந்தேன்.

அன்றைக்கு
அதற்கு மட்டும்தான் வருத்தப்பட்டேன்.